முதல் தையல் பாடத்தில் அப்ளிக்குக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மகளிர் பக்கங்களில், ஒரு துணியின் மேல் வேறு துணியை வடிவமாக வெட்டி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கான படங்கள் அவ்வப்போது வருகின்றன. பூ, மயில், யானை என்று படம் அழகாக இருக்கும். அதன் கீழே "வண்ணத் துணியில் வெட்டி, ஒட்டி, ஓரத்தைத் தைக்கவும்" என்று ஒரே வரி. புதிதாக மிஷின் முன் உட்காருபவருக்கு மொத்த வேலையும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. எதை வைத்து ஒட்டுவது, ஓரம் பிரியாமல் இருக்க என்ன செய்வது, வீட்டில் இருக்கும் சாதா கால்மிஷினில் இது முடியுமா, எதற்கும் பதில் கிடைப்பதில்லை. முதல் துவைப்பிலேயே ஓரம் நூல்நூலாகப் பிரிந்து வந்ததும், 'இதெல்லாம் நமக்கு வராது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் கையில் இல்லை. வழிமுறையைச் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது. மிஷின் அப்ளிக் புதியவர்களுக்கு மிகப் பொருத்தமான வேலை. தையல் வகுப்புகளில் அது கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே வரவேண்டும். அதற்கான காரணத்தையும் செய்முறையையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்த் தையல் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே வரிசைதான். நூல் கோக்காமல் கோடு போட்ட தாளில் மிஷின் ஓட்டிப் பழகுவது, கைக்குட்டைக்கு ஓரம் மடித்து அடிப்பது, தலையணை உறை, உள்பாவாடை, குழந்தைக்கு ஜப்லா, பிறகு ரவிக்கை. கைக்குட்டையிலும் தலையணை உறையிலும் நேர்கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. வளைவு என்பது ஜப்லாவின் கழுத்தில் எட்டிப் பார்க்கிறது. ரவிக்கைக்கு வந்ததும் கழுத்து, கைக்குழி, கப் என்று எல்லா வளைவும் உடம்பளவோடு சேர்ந்து ஒரே நாளில் வந்து நிற்கிறது. கழுத்து இழுத்துக்கொண்டு நின்றால், வெட்டியதில் தப்பா, தைத்ததில் தப்பா என்று கற்பவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வகுப்பை விட்டு நிற்பவர்கள் அதிகமாக நிற்பது இந்த இடத்தில்தான்.

அப்ளிக்கில் உடம்பளவு கிடையாது. வளைவு மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. கீழே சொல்லப்போகும் முறையில் ஒரு இலையைத் தைப்பதும், விறைப்புக்காகத் துணிக்குள் கொடுக்கும் கேன்வாஸை வைத்து ரவிக்கைக் கழுத்தைத் திருப்புவதும் அடிப்படையில் ஒரே வேலை. நல்ல பக்கத்தின் மேல் கேன்வாஸை வைத்துக் கோட்டின் மேல் தைத்து, தையலுக்கு வெளியே துணியைக் குறைத்து, வளைவில் வெட்டுக் கொடுத்து, திருப்பி, அயர்ன் செய்து, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டுவது. கழுத்தில் வெட்டு ஆழமாகப் போய்விட்டால் ரவிக்கைத் துணியே போச்சு. இலையில் போனால் ஒரு பிட் துணி போகும், அவ்வளவுதான். மாங்காய் வடிவம் ஒன்றைச் சுருக்கமில்லாமல் திருப்பத் தெரிந்தவருக்குப் பானைக் கழுத்து பயமாக இருக்காது.

அப்ளிக் என்றாலே, இடமும் வலமுமாக மாறி மாறித் தைக்கும் ஜிக்ஜாக் மிஷின் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. சமூகநலத் துறை மூலம் இலவசமாகக் கிடைக்கும் மிஷினோ, பாட்டி காலத்துக் கறுப்பு மிஷினோ, நேர்த்தையல் ஒழுங்காக விழுந்தால் போதும். ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கும் முறைக்கு நேர்த்தையல்தான் பொருத்தமும்கூட. ஜிக்ஜாக் முறையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலையாக 16 அங்குலச் சதுரக் குஷன் உறையைச் சொல்வேன். பை தைக்கலாமே என்று கேட்பார்கள். பையில் கைப்பிடியும் அடிப்பக்கமும் தடித்த துணியும் சேர்ந்து கவனம் சிதறிவிடும். உறைக்கு 44 அங்குல அகலமுள்ள கெட்டியான பருத்தித் துணி அரை மீட்டர் வேண்டும். கனமான காடா நன்றாக இருக்கும். முன்பக்கத்துக்கு 17-க்கு 17 அங்குலம் ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு 17-க்கு 12 அங்குலம் இரண்டு துண்டு. மூன்றையும் அகலத்தில் வரிசையாக வைத்தால் 41 அங்குலம். அரை மீட்டரில் அடங்கிவிடும். அப்ளிக் துண்டுகளுக்குப் பருத்திப் பாப்ளின், ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய '2-க்கு 2 ரூபியா' என்ற ரவிக்கைத் துணி, பழைய கைத்தறிச் சேலையின் நல்ல பகுதி எல்லாம் ஆகும். சாட்டின், ஷிபான், பனியன் துணி மூன்றும் முதல் வேலைக்கு வேண்டாம். சாட்டின் வெட்டிய நிமிடத்தில் பிரியும், ஷிபான் நழுவும், பனியன் துணி, மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டுக்கு முன்னால் நீண்டுகொண்டே போகும்.

இவற்றோடு மெல்லிய பேப்பர் கேன்வாஸ் கால் மீட்டர். ஒரு பக்கம் பசைப் புள்ளிகள் இருக்க வேண்டும். கடையில் வெறுமனே கேன்வாஸ் என்று கேட்டால், சட்டைக் காலருக்கு வைக்கும் நெய்த கேன்வாஸை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது விறைப்பானது, திருப்பினால் ஓரம் மொத்தையாக நிற்கும். அயர்ன் செய்தால் ஒட்டுவதுதானா என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். பசையுள்ள பக்கம் சொரசொரப்பாக இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் மினுக்கும். நூல் பாலியஸ்டர், துண்டின் நிறத்திலேயே ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தால் தையல் சற்றுக் கோணினாலும் கண்ணில் படாது. மெல்லிய துணிக்கு 11-ம் எண் ஊசி, காடாவுக்கு 14. இந்த உறைக்கு 14 போதும், ஆனால் புது ஊசியாக இருக்கட்டும்.

துணி எல்லாவற்றையும் முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்தி அயர்ன் செய்தே ஆக வேண்டும். இதைத் தவிர்க்க வழியே இல்லை. காடா சுருங்கும், பாப்ளின் அந்த அளவுக்குச் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் அடித்துணி சுருங்கி, மேலே இருக்கும் இலை உப்பிக்கொண்டு நிற்கும். சாயமும் அப்படித்தான். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் நம்பக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்து அவற்றின் மேல் வைத்து அயர்ன் செய்து பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அப்போதும் நிற்கவில்லை என்றால் வெள்ளைக் காடாவின் மேல் அதை வைக்கவே வேண்டாம். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். கடையில் வாங்கிய துணியில் சாயம் போவதை உப்பு நிறுத்தாது.

எந்த வடிவம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். யானை வேண்டாம். யானையின் கால்களுக்கு இடையே உள்நோக்கிப் போகும் மூலைகள் இருக்கின்றன, தும்பிக்கை ஒடுக்கமானது. இரண்டும் திருப்புவதற்குக் கடினம். முதலில் 5 அங்குல நீள முட்டை வடிவம். அதில் கூர்மை இல்லை, ஒரே போக்கில் வளைந்து போகும். அடுத்தது ஒரு முனை மட்டும் உள்ள பூவரச இலை. அதன் காம்புப் பக்கத்தில் ஒரு உள்பள்ளமும் இருப்பதால், இதைத் தைத்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. மூன்றாவதாக மாங்காய். ஐந்து இதழ்ப் பூவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இதழுக்கு இதழ் உள்மூலை. எந்த வடிவமானாலும் மிக ஒடுங்கிய இடம் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தையலுக்கு வெளியே விட்ட துணி உள்ளே போய் உட்கார இடம் இருக்காது.

இனி செய்முறை. கேன்வாஸின் பசையில்லாத பக்கத்தில் பென்சிலால் வடிவத்தை வரையுங்கள். அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு சுற்றி வரைந்தால் எல்லா இலையும் ஒன்றுபோல் வரும். சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். துண்டுத் துணியின் நல்ல பக்கத்தின் மேல், பசைப் பக்கம் துணியைத் தொடும்படி கேன்வாஸை வைத்துக் குண்டூசி குத்துங்கள். இந்த நிலையில் அயர்ன் பெட்டி பக்கமே போகக் கூடாது. சூடு பட்டால் துணியின் நல்ல பக்கத்தில் பசை ஒட்டிக்கொண்டு, அந்தத் துண்டு அதோடு வீண். முதல் முறை செய்பவர்களில் அதிகம் பேர் செய்யும் தப்பு இதுதான். குண்டூசி குத்துவதற்குப் பதில் லேசாக ஒரு தேய் தேய்த்துவிடலாம் என்று தோன்றும், தேய்க்கக் கூடாது.

தையலை அங்குலத்துக்கு 12 முதல் 14 விழும்படி சிறிதாக வைத்து, பென்சில் கோட்டின் மேலேயே முழுச் சுற்றும் தையுங்கள். திருப்புவதற்கு ஓரத்தில் இடைவெளி விடவேண்டியதில்லை. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் அரை அங்குலம் மேலேயே ஏற்றித் தைத்து நிறுத்துங்கள். இலையின் கூர்முனைக்கு வரும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. முனையில் ஊசியை இறக்கி அப்படியே திரும்பினால், திருப்பிய பிறகு முனை மழுங்கி முடிச்சாக நிற்கும். முனையில் ஊசி இறங்கியிருக்கும்போது ஃபுட்டைத் தூக்கிப் பாதி திருப்பி, குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டு, மீதியைத் திருப்பிப் போக வேண்டும். அந்த ஒரு தையல் துணிக்கு மடங்க இடம் கொடுக்கிறது. கூர்மை அப்போதுதான் வரும். சட்டைக் காலர் முனைக்கும் இதே வழிதான்.

தைத்ததும், தையலுக்கு வெளியே 4 மில்லிமீட்டர் விட்டு இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். வெளிப்பக்கம் வளையும் இடங்களில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன முக்கோண வெட்டு. உள்நோக்கி வளையும் இடங்களில் முக்கோணம் வேண்டாம், நேர் வெட்டு போதும். ஆனால் அது தையலுக்கு ஒரு இழை முன்னால் வரை போக வேண்டும். புதியவர்கள் பயந்து பாதி தூரத்தில் நிறுத்திவிடுவார்கள். திருப்பினால் அந்தப் பள்ளத்தில் சுருக்கம் விழும். அயர்ன் செய்து சரிசெய்யப் பார்ப்பார்கள், சரியாகாது. சுருக்கம் இருந்தால் மறுபடி உள்பக்கம் திருப்பி வெட்டை ஆழப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கூர்முனையில் வெளித்துணியைக் குறுக்கே வெட்டி, இரு பக்கமும் சாய்வாகச் சீவிவிடுங்கள்.

பிறகு கேன்வாஸை மட்டும் நடுவில் இரண்டு விரலால் கிள்ளித் துணியிலிருந்து தூக்கி, ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு கீறல். சிறிய கத்தரிக்கோலின் முனையால் மெதுவாக. துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும். கீறல் வழியாக முழுவதையும் வெளியே திருப்பி, ஐஸ்கிரீம் குச்சி போன்ற முனை மழுங்கிய ஒன்றை உள்ளே விட்டு, தையல் வரியை உள்ளிருந்து தள்ளுங்கள். கத்தரிக்கோல் முனையால் தள்ளாதீர்கள், முனை கிழிந்துவிடும். கேன்வாஸ் வெளியே எட்டிப் பார்க்காமல், துணி ஒரு நூல் அளவுக்குப் பின்பக்கம் உருண்டு போகும்படி ஓரத்தை நகத்தால் அழுத்திவிட வேண்டும். இப்போது பசைப் பக்கம் வெளியே, பின்புறத்தில் இருக்கும். மேசையில் வைத்து அயர்ன் செய்தால் மேசைத் துணியோடு ஒட்டிக்கொள்ளும். உறையின் முன்பக்கத் துண்டின் மேல், வேண்டிய இடத்தில் வைத்த பிறகே சூடு காட்ட வேண்டும்.

இடம் குறிக்க, முன்பக்கத் துண்டை நான்காக மடித்து அயர்ன் செய்தால் நடுவும் குறுக்குக் கோடுகளும் தெரியும். வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் எந்தத் துண்டும் வரவேண்டாம். உறைக்குள் குஷனைத் திணித்ததும் ஓரங்கள் பக்கவாட்டில் உருண்டு போகும். துண்டை வைத்து, மேலே ஈரப் பருத்தித் துணி போட்டு, அயர்ன் பெட்டியை நடுத்தரச் சூட்டில் 10, 12 விநாடி ஓரிடத்தில் அழுத்திப் பிடித்து, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்து இழுத்தால் துண்டு நகரும். சூடு அதிகமானால் பேப்பர் கேன்வாஸ் சுருங்கித் துணியில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். ஆகையால் ஒரு பிட்டில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் பசை பிடித்திருக்கிறதா என்று ஓரத்தை நிமிண்டிப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது நிமிண்டினால் பிடித்ததும் விட்டுவிடும்.

இனிதான் எல்லோர் கண்ணிலும் படும் தையல். ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் ஒரே தையல். அங்குலத்துக்கு 10 முதல் 12. கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. பிரஷர் ஃபுட்டின் வலது விரலின் உள்ஓரமும் துண்டின் ஓரமும் எப்படி ஒன்றையொன்று தொட்டுப் போகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தால் கோடு பாம்பாக நெளியும். நீண்ட வளைவில் கையாலேயே துணியை மெல்ல வளைத்துக் கொடுத்துப் போகலாம். ஒடுங்கிய வளைவில் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை, ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும் நிலையில் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சமாகத் திருப்பி, ஃபுட்டை இறக்கிப் போக வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் அந்த இடத்தில் தையல் ஒரு எட்டு விலகி விழும். கால்மிஷினில் கடைசி இரண்டு தையலைக் காலால் போடாமல் கைச்சக்கரத்தைத் தன் பக்கம் சுற்றிப் போடுவது நல்லது. சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டால் நூல் அறும். கால்மிஷின் புதியவர்களுக்கு நூல் அடிக்கடி அறுவதற்கு இதுவே முதல் காரணம்.

வளைவில் துணி திரும்ப மறுத்து, தள்ளித் தள்ளித் தைக்க வேண்டியிருந்தால், மிஷின் தலையின் மேல் ஃபுட் கம்பிக்கு நேராக இருக்கும் திருகை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் துணி இலகுவாகத் திரும்பும். சொந்த மிஷினில்கூட அந்தத் திருகைப் பலர் தொட்டதே இல்லை. வேலை முடிந்ததும் பழையபடி இறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டித் துணி நகராது.

அடியில் நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றிப் பார்க்கிறார்கள். அடியில் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்நூல்தான். மேல்நூல், அதன் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போகாமல் வெளியே நழுவியிருக்கும். அல்லது ஃபுட்டை இறக்காமலே மிதித்திருப்பார்கள். ஃபுட்டைத் தூக்கிவைத்து நூலை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி கோத்தால் பத்தில் எட்டு முறை சரியாகிவிடும். தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டையும் நான்கு அங்குலம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போட வேண்டும். முடிக்கும்போது முன்னும் பின்னும் அடித்துக் கட்ட வேண்டாம். அந்த இடம் மேலே கட்டியாகத் தெரியும். மேல்நூலைக் கைஊசியால் பின்பக்கம் இழுத்து அடிநூலோடு இரண்டு முடிச்சு போட்டு வெட்டிவிடுங்கள்.

தையல் இடையிடையே விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். கேன்வாஸ் பசை ஊசியில் படிந்திருக்கும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, ஊசியைக் கழற்றித் துடைத்தால் போகும். துண்டைப் பிடித்துவைக்க மரவேலைப் பசையைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காய்ந்தால் கல்லாகிவிடும், ஊசி உடையும். அவசரத்துக்குக் குழந்தைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் பசைக்குச்சியை, தையல் விழாத நடுப்பகுதியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். அது தண்ணீரில் கரைந்து போய்விடும்.

ஜிக்ஜாக் மிஷின் வைத்திருப்பவர்கள் ஓரத்தை மடிக்காமல், நெருக்கமான ஜிக்ஜாக்கால் மூடித் தைக்கலாம். பார்க்கச் சுலபம் போலத் தெரியும், உண்மையில் மடிக்கும் முறையைவிட இதில்தான் பிசகு அதிகம். துண்டின் பின்பக்கத்தில் பேப்பர் கேன்வாஸை அயர்ன் செய்து ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டி, அடித்துணியில் வைத்து, ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே முதலில் நேர்த்தையல் ஒன்று. அதன் பிறகு அகலம் 3, நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேல்நூல் டென்ஷனை ஒரு எண் குறையுங்கள், அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்காது. ஊசி வெளிப்பக்கம் வீசும்போது துண்டின் ஓரத்தை ஒட்டி அடித்துணியில் இறங்க வேண்டும். உள்பக்கம் வீசும்போது துண்டின் மேல். வெளிவளைவில் துணியைத் திருப்ப நிறுத்தும்போது ஊசி வெளியே, அடித்துணியில் இறங்கியிருக்கட்டும். உள்வளைவிலும் உள்மூலையிலும் ஊசி துண்டின் மேல் இறங்கியிருக்கட்டும். இதை மாற்றிச் செய்தால் வளைவில் விசிறி விசிறியாக இடைவெளி விழுந்து, உள்ளே இருக்கும் துணி தெரியும்.

அடித்துணிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்தே தைக்க வேண்டும். நெருக்கமான ஜிக்ஜாக் துணியை இரு பக்கமிருந்தும் இழுத்து நடுவில் வரப்பாகப் புடைக்க வைக்கும். தாள் அதைத் தாங்கிக்கொள்ளும். தைத்து முடித்ததும் ஊசித் துளை வழியே எளிதாகக் கிழிந்து வந்துவிடும். செய்தித்தாளை மட்டும் வைக்க வேண்டாம், அச்சு மை வெளிர்த் துணியில் ஏறும். ஃபுட்டும் சாதாவாக இருந்தால் தையல் ஓரிடத்திலேயே குவிந்து நகராது. அடியில் பள்ளம் உள்ள ஃபுட் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் பசையுள்ள, பின்னால் தாள் ஒட்டிய ஷீட்டும் பெரிய கடைகளில் வருகிறது. அதில் வரைந்தால் வடிவம் இடவலம் மாறி விழும். எழுத்தோ, ஒரு பக்கம் பார்க்கும் மயிலோ என்றால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். மேலே சொன்ன திருப்பும் முறையில் இந்தத் தொல்லை இல்லை, வரைந்தபடியே வரும். ஜிக்ஜாக் மிஷின் இல்லாதவர்கள், சேலைக்கு ஓரம் ஜிக்ஜாக் அடித்துத் தரும் கடையில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். அந்த மிஷின் நேர் ஓரத்துக்காக ஓட்டப்படுவது. இலையைச் சுற்றி நெருக்கமாக ஓட்டித் தர எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துண்டும் அடித்துணியும் ஒரே குடும்பத்து நிறமாக, பூப்போட்ட துணி மேல் பூப்போட்ட துண்டாக வைத்துவிட்டு, டிசைன் தெரியவில்லையே என்று வருந்துவதை நிறையப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பகுதியில் தேருக்குத் தைக்கும் தொம்பைகள் என்னும் உருளை வடிவத் தொங்கல்களையும் தேர்ச்சீலைகளையும் கவனித்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் நிறங்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு மோதி நிற்கும். வீதியின் கோடியில் நிற்பவருக்கும் யாளி யாளியாகத் தெரிகிறது. பூரி ஜகந்நாதர் தேர்களுக்கும் இதே கணக்குதான்: ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேருக்குச் சிவப்பும் கறுப்பும். பூரிக்குப் போகும் வழியில் இருக்கும் பிப்பிலி ஊரே இந்த ஒட்டுத் துணி வேலைக்குப் பெயர் பெற்றது. இவ்வளவு பெரிய கைமரபு நம்மிடம் இருக்கும்போது, அப்ளிக்கை வெளிநாட்டுப் பொழுதுபோக்கு என்று வகுப்புகளில் ஒதுக்கிவைப்பது வருத்தமாக இருக்கிறது. புதியவர்கள் வெள்ளைக் காடாவில் மூன்று நிறத்துக்கு மேல் போகாமல் தொடங்கலாம். அடித்துணியையும் துண்டையும் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.

அப்ளிக் முழுவதையும் முடித்த பிறகே உறையை இணைக்க வேண்டும். பின்பக்கத் துண்டு ஒவ்வொன்றிலும் 17 அங்குல ஓரம் ஒன்றை முதலில் அரை அங்குலமும் பிறகு ஒரு அங்குலமும் மடித்துத் தையுங்கள். முன்பக்கத்தின் நல்ல பக்கத்தின் மேல், இரண்டையும் நல்ல பக்கம் கீழே இருக்க, மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் நான்கு அங்குலம் ஏறும். அந்த ஏற்றம் இருப்பதால் ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். சுற்றிலும் அரை அங்குலத்தில் தைத்து, ஏறியிருக்கும் இரு இடங்களிலும் இரட்டைத் தையல் போட்டு, மூலைகளைச் சீவித் திருப்பிவிடலாம். உள்ஓரங்கள் பிரியாமல் இருக்க, ஓரத்தை நூலால் பின்னும் ஓவர்லாக் மிஷின் இல்லாதவர்கள் தையலுக்கு வெளியே இன்னொரு வரி ஓட்டினால் போதும்.

ஆசிரியருக்கு என் கோரிக்கை இதுதான். மகளிர் பக்கத்தில் அடுத்து அப்ளிக் டிசைன் வெளியிடும்போது அதை உண்மை அளவில் அச்சிடுங்கள். பக்கத்தில் இடம் இல்லாமல் சுருக்கினால், படத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு அது எத்தனை அங்குலத்துக்குச் சமம் என்று குறிப்பிடுங்கள். வாசகர் கடையில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்வார். மடித்துத் தைக்க விடவேண்டிய துணி அந்தக் கோட்டுக்குள் சேர்ந்திருக்கிறதா, வெளியே தனியாக விடவேண்டுமா என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். எந்த கேன்வாஸ், எந்த மிஷின் என்றும் சொல்லுங்கள். தையல் பயிற்சி நடத்துபவர்கள் இதைப் படித்தால், கைக்குட்டைக்கும் ஜப்லாவுக்கும் நடுவே ஒரே ஒரு வாரத்தை இந்த இலைக்கு ஒதுக்கிப் பார்க்கட்டும். தேவைப்படுவது ரவிக்கை வெட்டி மிஞ்சும் பிட்டுகளும் கால் மீட்டர் கேன்வாஸும்தான்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
ஈரோடு.